இடது பக்கத்துக் கீறல்கள்

காதோரம் கொசு பாடுகிற சுதியை அப்படியே திருப்பிப் பாட என்னால் முடியும், ஆனால் இப்போது வாயைத் திறந்தால் ஆள் உஷாராகிவிடுவார், அதனால் மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் பக்கெட்டின் மேல் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் கணக்குப் புத்தகம், கையில் அம்மாவின் செல்போன், கேமரா திறந்தபடி, கதவிடுக்கில் தெரிகிற ஒரே காட்சி அப்பாவின் வண்டி. இன்னும் சரியாக விடியவில்லை. தூக்கம் கண்ணுக்குள் மணல் மாதிரி உருளுகிறது. இந்த வாரம் பூராவும் ஸ்கூல் விட்டு வந்ததிலிருந்து சாயங்காலம் கீழேதான் காவல், யாரும் அகப்படவில்லை, அப்படியென்றால் விடியற்காலையில்தான் நடக்கிறது என்று அம்மாதான் கண்டுபிடித்தாள், “அப்பா இறங்குறதுக்கு முன்னாடியே அந்த மனுசன் பால் வாங்கப் போறாருல்ல, அப்பதாண்டி இடிச்சிட்டுப் போறாரு,” அம்மாவின் குரல் எனக்கு ரொம்ப சுலபம், மூக்கை லேசாக மூடிக்கொண்டு கடைசி எழுத்தை இழுத்தால் போதும், இடிச்சிட்டுப் போறாரூ. அம்மா தெருவில் நடக்கும்போது நான் பால்கனியிலிருந்து அம்மா குரலில் “செண்பகம்” என்று அம்மாவையே கூப்பிட்டிருக்கிறேன், அவளும் “என்னா” என்று திரும்பிப் பார்த்திருக்கிறாள். தூங்கக் கூடாது. தூங்கினால் போச்சு. அப்பா இப்போது குளித்துக்கொண்டிருப்பார், அவருக்குத் தெரியாமல் செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்தேன், தெரிந்தால் “எதுக்குக் கண்ணு இதெல்லாம், வண்டிதானே” என்பார், வண்டிதானேவாம், அந்த வண்டி இல்லாவிட்டால் அவரால் என்ன செய்ய முடியும், ஆதம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும் சர்க்கரைக்காரர்கள் எல்லாம் வெறும் வயிற்றோடு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவுக்காகக் காத்திருக்கிறார்கள், லேப்பிலிருந்து வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கிற வேலை, பஸ்ஸில் போய் எடுக்க முடியுமா.

முதலில் கண்ணாடி. ஒரு நாள் சாயங்காலம் அப்பா வந்து நிறுத்தியபோது இடது பக்கக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, அம்மா “என்னங்க இது” என்றாள், அப்பா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே “யாராவது இடிச்சிருப்பாங்க” என்றார், அவ்வளவுதான் சொன்னார், அந்த யாராவது என்கிற ஆளுக்கு அம்மாதான் ராத்திரி சோறு போடுவதற்குள் முகம், மூக்குக்கண்ணாடி, வழுக்கை எல்லாம் வைத்து முதல் மாடி உமாபதி அங்கிளாக ஆக்கிவிட்டாள். ஏனென்றால் உமாபதி அங்கிளின் ஸ்கூட்டர் அப்பாவின் வண்டிக்கு இடது பக்கத்தில் நிற்கிறது. அடுத்து இண்டிகேட்டர், அதுவும் இடது. அடுத்து டேங்கில் நீளமாக ஒரு கோடு, இடது. கிளட்ச் பிடியின் நுனி வளைந்தது, அதுவும். எல்லாமே இடது பக்கம் என்றால் வேறு யார். எங்கள் பிளாட்ஸில் ஒரு வழக்கம் உண்டு, இடம் பத்தாது என்பதால் எல்லாரும் வண்டியை நியூட்ரலில் விட்டு, ஹேண்டிலைப் பூட்டாமல், கண்ணாடியை உள்ளே மடக்கி, சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுப் போக வேண்டும், அப்போதுதான் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மற்ற வண்டிகளை நகர்த்தி எடுக்கலாம், தண்ணி லாரி ரிவர்ஸில் வந்தாலும் சட்டென்று ஒதுக்கலாம். நகர்த்துகிற ஆள் எப்படி நகர்த்துகிறான் என்று யார் பார்த்தார்கள். ஒருத்தன் சீட்டைப் பிடித்து இழுப்பான், ஒருத்தன் காலால் உதைப்பான், ஒருத்தன் நகர்த்திவிட்டு அப்படியே பக்கத்து வண்டி மேல் சாய்த்துவிட்டு வாட்ஸப் பார்த்துக்கொண்டே போவான். அம்மா அந்த வழக்கத்தை உடைத்தாள். “இனிமே நம்ம வண்டிய ஒரு பய தொடக்கூடாது.” அப்புறம் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு காவல் ஏறிக்கொண்டே போனது, ஹேண்டில் லாக், தூணோடு சேர்த்துச் சங்கிலி, லெக் கார்டில் பழைய சைக்கிள் டியூப் சுற்றி, ஹேண்டில் முனையில் ஸ்பாஞ்ச் கட்டி, இரண்டு வண்டிக்கும் நடுவில் தென்னை நார் மிதியடியை நிறுத்தி, மேலே மழைக்கவர் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக என்னுடைய சென்டர் ஸ்டாண்ட்.

அதில் மட்டும் எனக்குத் தலைக்கனம்தான். அப்பா வந்து சைடு ஸ்டாண்டில் விட்டுவிட்டு மாடி ஏறிவிடுவார், நான் இறங்கி வந்து, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்கம்பியில், ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையில் பட்டதைக் குதிகாலால் உணர்ந்து, மொத்த உடம்பையும் அந்த ஒரு குதிகாலில் இறக்கினால், வண்டி தானே எழுந்து பின்னால் போய் நிமிர்ந்து உட்காரும், டக், அந்தச் சத்தத்தை வாயால் செய்ய எனக்கு நிறைய நாள் பிடித்தது, நாக்கின் அடியில் காற்றை அடக்கி விட வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிற வண்டியை யாரும் தள்ளலாம், சென்டர் ஸ்டாண்டில் ஏறிய வண்டியை அசைக்க ஆள் வேண்டும். மூன்றாவது மாடி ஜமுனா ஆன்ட்டி பார்த்துவிட்டு, “ஆம்பளப் புள்ள மாதிரி தூக்குது பாரு, நான் ஒண்ணும் சொல்றதில்லப்பா,” என்று சொன்னாள், ஒன்றும் சொல்லாத ஆன்ட்டிதான் எல்லாருக்கும் சொன்னாள், நான் அதே குரலில் அவளுடைய வீட்டு வாசலில் நின்று “நான் ஒண்ணும் சொல்றதில்லப்பா” என்றேன், உள்ளேயிருந்து அவளுடைய மாமியார் “சொல்லாமலே இரு” என்றாள். இவ்வளவு காவல் போட்டும் போன மாதம் மறுபடி ஒரு கீறல், டேங்கின் அதே இடது தோளில். அம்மா அசோசியேஷன் மீட்டிங்கில் எழுந்துவிட்டாள். “சார், எங்க வீட்டுக்காரரு அந்த வண்டியில போனாத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியும், உங்களுக்குப் பென்ஷன் வருது, பொழுது போகாம இடிச்சிக்கிட்டு இருக்கீங்க.” எல்லாரும் உமாபதி அங்கிளைப் பார்த்தார்கள். அவர் எதைப் பேசினாலும் முதலில் ஒரு இருமல், அப்புறம் ‘அதாவது’, அப்புறம் இன்னொரு இருமல், பாதி நேரம் அதிலேயே போய்விடும், அந்த இருமலுக்கு நான் காப்புரிமை வாங்கலாம். அன்றைக்கு இருமிவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். “அதாவது, தெரியாம பட்டிருக்கும்மா, இனிமே பார்த்து எடுக்கறேன்,” என்றார். ஒத்துக்கொண்டார் என்று அம்மா ஒரு வாரம் நிமிர்ந்து நடந்தாள், அதற்குள் இன்னொரு கீறல், அதுவும் இடது, அதனால்தான் கையும் களவுமாகப் பிடிக்க இந்தக் காவல். நான் அவருடைய ஸ்கூட்டரின் பின்பக்கத் தூசியில் ‘ஜாக்கிரதை, ஓட்டுநருக்குக் கண் தெரியாது’ என்று விரலால் எழுதினேன், மனுஷர் துடைக்காமல் அப்படியே மார்க்கெட் போய் வந்தார், மாடிப்படியில் என்னைப் பார்த்து, “அதாவது, கையெழுத்து நல்லா இருக்கும்மா,” என்றார். எனக்கு அன்றைக்கு ராத்திரி சிரிப்பு வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

தூங்கிவிட்டேனா. இல்லை. கண்தான் மூடியிருந்தது. கழுத்து வலிக்கிறது, முதுகு வலிக்கிறது, பதினேழு வயதில் இப்படி வலித்தால் அப்பா வயதில் என்ன ஆகும், அப்பாவுக்கு எங்கேயும் வலி இல்லை, கேட்டால் “எனக்கென்ன” என்பார், முழங்காலுக்குக் கீழே கன்றிப்போய் நீலமாக இருந்ததைக் கேட்டபோது “படியில இடிச்சிக்கிட்டேன்” என்றார், யார் வீட்டுப் படி என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நாளாகக் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார், குளிருக்கு இதமாம், இந்தப் புழுக்கத்தில் குளிராம், நான் அதே மாதிரி இரண்டு கையாலும் டம்ளரை ஏந்தி, தோளைக் குறுக்கி, உதட்டைக் குவித்து உறிஞ்சிக் காட்டினேன், அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது, அப்பாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார், பாதிக் காபி அப்படியே ஆறியது. அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. சட்டைப் பட்டனை அம்மா போட்டுவிடுகிறாள், “கல்யாணமான புதுசுல கூட இவரு இப்படிக் கொஞ்சுனதில்ல,” என்று அம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். நேற்று ராத்திரி சப்பாத்தியைப் பிய்க்க முடியாமல் ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் “பசிக்கல” என்றார். பசிக்காதவர் ஏன் சமையலறைப் பக்கம் போய் வாழைப்பழம் தின்றார். என்னவோ. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. கொசு இப்போது இரண்டாகிவிட்டது, சேர்ந்து பாடுகின்றன.

செருப்புச் சத்தம். முதல் மாடிப்படி. இருமல். வந்துவிட்டார், வந்துவிட்டார், என் நெஞ்சு கேமராவை ஆட்டுகிறது, சுவரோடு முழங்கையை அழுத்திக்கொண்டு பதிவை ஓடவிட்டேன். உமாபதி அங்கிள், வேட்டி, கையில் பால் பை, மப்ளர் வேறு. நேராக அப்பாவின் வண்டியிடம் வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். என் வாய்க்குள் அம்மா குரல் தயாராக இருந்தது, மாட்டினீங்களா சார். ஆனால் அவர் முதலில் தன் ஸ்கூட்டரைத்தான் எடுத்தார், மெதுவாக உருட்டி, இடிக்காமல், தூணைத் தாண்டி ரொம்பத் தூரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தார், எதற்கு அவ்வளவு தூரம். வந்து தென்னை நார் மிதியடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். மழைக்கவரை உருவினார், ஓரத்தோடு ஓரம் வைத்துப் புடவை மடிக்கிற மாதிரி மடித்துச் சுவர்த் திட்டில் வைத்தார். இது என்ன வேலை. திருட வந்தவன் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகிற மாதிரி. அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்தபடி நின்றார், யாருக்கோ காத்திருக்கிற மாதிரி, தினமும் அப்படி நின்று பழகினவர் மாதிரி. அப்பா இறங்கி வந்தார். ஹெல்மெட், தோளில் ரத்தக் குழாய்கள் வைக்கிற நீல ஐஸ் பெட்டி. “வாங்க ஞானசேகர். இன்னிக்கு எப்படி இருக்கு?” “நேத்து மாதிரியேதான் சார். இந்த ரெண்டு விரலும் இருக்குன்னு கண்ணால பார்த்தாத்தான் தெரியுது.” அப்பா இடது கையை நீட்டினார், உமாபதி அங்கிள் அதைப் பிடித்து விரலை மடக்கச் சொன்னார், அப்பா மடக்கினார், அல்லது மடக்கியதாக நினைத்தார், விரல்கள் பாதியில் நின்றன. எனக்குக் கழுத்து வலி போய்விட்டது. உடம்பே போய்விட்ட மாதிரி இருந்தது. செல்போன் மட்டும் பதிவு செய்துகொண்டே இருந்தது.

“அதாவது, ஒரு டாக்டரப் பார்த்துடுங்களேன் ஞானசேகர்.” “பார்த்தா வண்டி ஓட்டாதேம்பாங்க. ஊசி எடுக்காதேம்பாங்க. அப்புறம் நான் என்ன சார் பண்றது?” அப்பா குனிந்து சங்கிலிப் பூட்டையும் அப்புறம் ஹேண்டில் லாக்கையும் வலது கையாலேயே திறந்தார், நடுவில் சாவிக்கொத்தை வாயில் கவ்விக்கொண்டு. “நேத்து ஒரு அம்மாவுக்கு ரெண்டு தடவ குத்திட்டேன் சார். நரம்ப இந்தக் கையாலதான அமுக்கிப் பிடிக்கணும், பிடி நிக்கல. அவங்க பரவால்ல தம்பின்னுட்டாங்க. எனக்குத்தான் வேர்த்துப் போச்சு.” உமாபதி அங்கிள் இருமினார். அந்த இருமலில் இவ்வளவு நாள் நான் கேட்காத ஏதோ ஒன்று இருந்தது. “சரி, இந்த சென்டர் ஸ்டாண்டாவது வேணாம்னு வீட்டுல சொல்லலாம்ல. சைடு ஸ்டாண்டுல விட்டா நீங்களே எடுத்துடுவீங்க. மொதல்ல ரோட்டுல நிறுத்தறப்ப சாஞ்சுது, இப்ப இதுலேருந்து எறக்கறப்பதான ஒவ்வொரு தடவையும் உங்க பக்கமே சாயுது.” “எழிலுதான் சார் ஏத்துது. கீழ விட்டா இடிச்சிடுவாங்கன்னு அதுக்குப் பயம். அதுல ஒரு பெருமையும் உண்டு, ஒத்தக் கால்ல தூக்கி நிறுத்திடுது பாருங்க. வேணாம்னா ஏன்னு கேட்கும். அது கேட்க ஆரம்பிச்சா விடாது சார்.” “மீட்டிங்ல உங்க சம்சாரம் என்னைக் கேட்டாங்களே, அப்பவாவது…” “மன்னிச்சிடுங்க சார்.” “அட விடுங்க. ரிட்டையர் ஆனதுலேருந்து என்னை யாருமே திட்டறதில்ல, அதுவும் ஒரு மாதிரி இருந்துச்சு.” இரண்டு பேரும் சிரித்தார்கள், சத்தம் வராமல், மாடியில் அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்கிற சிரிப்பு. கண்ணாடி, இண்டிகேட்டர், டேங்க், நான் ஒவ்வொரு கீறலையும் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் போட்டேன், ஒவ்வொரு காவலும் அந்த இரண்டு விரலின் மேல் போய் உட்கார்ந்தது, நீலம் பாரித்த கால் மேல் போய் விழுந்தது, நான் மாடியில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அப்பா இங்கே நான் தூக்கி வைத்ததை இறக்க முடியாமல், டக் என்று நான் வாயால் செய்து காட்டுவேன், அப்பா கை தட்டுவார், எந்தக் கையால் தட்டினார்.

அப்பா இடது பக்கம் வந்து நின்றார், இடது கை ஹேண்டிலில், வலது கை பின்கம்பியில். உமாபதி அங்கிள் பின்னால் போனார். “மெதுவா, நான் தள்றேன், நீங்க பிடிச்சா போதும்.” பிடித்தால் போதுமாம், அதுதானே முடியாது. வண்டி முன்னால் அசைந்தது, ஸ்டாண்ட் சடாரென்று பின்னால் மடங்கியது, சக்கரம் தரையில் இறங்கிய அந்தக் குலுக்கலில் அப்பாவின் விரல்கள் ஹேண்டிலை விட்டுப் பிரிவதை நான் பார்த்தேன், யாரோ ஒருத்தருடைய விரல்கள் மாதிரி பிரிந்தன, ஹேண்டில் திரும்பியது, வண்டி அவர் பக்கமே சாயத் தொடங்கியது, நான் எப்போது எழுந்தேன், பக்கெட் உருண்ட சத்தம் கேட்டது, எனக்குத் தெரியும் எங்கே பிடிக்க வேண்டும் என்று, பின்கம்பியைப் பிடித்து இடுப்பை முட்டுக் கொடுத்தால் அந்த எடையை நான் நிறுத்திவிடுவேன், நிறுத்தியிருக்கிறேன், ஆனால் நடுவில் அப்பாவின் கால் இருந்தது, ஒதுங்கத் தெரியாமல் அந்தக் கால் வண்டியையே தாங்கப் பார்த்துக்கொண்டு நின்றது, நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இரண்டு கையாலும் பின்னால் இழுத்தேன். வண்டி விழுந்தது. அவ்வளவு பெரிய சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. கண்ணாடி, இந்தத் தடவை முழுசாக. ஐஸ் பெட்டி அப்பாவின் தோளிலிருந்து நழுவித் திறந்துகொண்டு, ஊதா மூடி, சிவப்பு மூடி, மஞ்சள் மூடி போட்ட காலிக் குழாய்கள் தரையெல்லாம் உருண்டன. பெட்ரோல் வாசனை. அப்பா என் மேல் சாய்ந்திருந்தார். இவ்வளவு லேசாகவா இருப்பார்.

“தூங்கலையா கண்ணு?” என்றார். மேலே பால்கனிக் கதவு படீரென்று திறந்தது, அம்மா, தெருவே கேட்கிற குரலில், “எழிலூ! மாட்டுனாரா? அவருதானே? இடிச்சது அவருதானே?” உமாபதி அங்கிள் குனிந்து குழாய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, தொண்டையைக் கனைத்து, வாயைத் திறந்தார், எனக்குத் தெரியும் என்ன சொல்லப்போகிறார் என்று, இன்னொரு தடவை தன் தலையிலேயே போட்டுக்கொள்ளப் போகிறார், ஆனால் அப்பா அவருக்கு முன்னால் கையை நீட்டித் தடுத்தார். “நான்தான் செண்பகம்,” என்றார், கத்தவில்லை, ஆனால் மேலே கேட்டது. “இத்தனை நாளா நான்தான் கீழ போட்டேன். சாரு இல்ல. நீ கீழ வா, சொல்றேன்.” படியில் அம்மாவின் கால்கள், ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல். அப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது, அவருக்குள்ளேயே அடிக்கிற மாதிரி இருந்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தார். பச்சையைத் தொடாமல் என்னிடம் நீட்டினார். “நீ பேசு. எனக்கு இன்னிக்கு முடியாதுன்னு சொல்லு. லேப்புக்கு அப்புறம் நான் சொல்லிக்கறேன்.” யாரோ ஒரு பெரியவர், கோபமும் பசியுமாக, “தம்பி, கிளம்பிட்டியா இல்லியா? ராத்திரிலேருந்து பச்சத் தண்ணி கூடக் குடிக்கல, இங்க டிகாஷன் வாசனை வீடு பூரா வருது, உயிரு போவுது.” என்னிடம் எத்தனையோ குரல்கள் இருந்தன, என் சொந்தக் குரலில்தான் சொன்னேன். “அப்பா இன்னிக்கு வரமாட்டாரு சார். நீங்க காபி குடிச்சிடுங்க.” அந்தப் பக்கத்திலிருந்து நம்ப முடியாத சந்தோஷத்தோடு, “நெசமாவா?” என்று கேட்டார். “நெசமாத்தான் சார்,” என்றேன்.